ஆலைக்கு மூத்த காவல்

ஓர் ஆலை மூடப்பட்டது என்றால், அதன் வாயிற்கதவில் பூட்டுத் தொங்குகிறது, உள்ளே வேலை நின்றுவிட்டது, ஊருக்கும் ஆலைக்கும் இருந்த கணக்குத் தீர்ந்துவிட்டது என்றே பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் கோலா கெத்தில் போன்ற வட்டாரங்களில் ரப்பர் வெட்டு நின்று, மரங்கள் சாய்க்கப்பட்டு, அந்த நிலத்தில் செம்பனையோ தாமான் என்னும் குடியிருப்போ எழுந்தபோது, தோட்டத்து ஆலையின் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. பாலை உறையவைத்த தொட்டிகள் இடிக்கப்பட்டன. மண்ணில் ஊறியிருந்த பார்மிக் அமிலத்தின் வாடையும் சில மழைக்காலங்களில் அகன்றுவிட்டது. அணுசக்தியோடும் கதிரியக்கப் பொருள்களோடும் தொடர்புடைய ஆலைக்கு இந்த வழக்கம் பொருந்துவதில்லை, ஏனெனில் இயந்திரங்கள் நின்ற பிறகும் உள்ளே எஞ்சியிருக்கும் பொருள், யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல், ஆண்டுக்கணக்கிலும் சில வேளைகளில் யுகக்கணக்கிலும் கதிர்வீசிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான், நிரந்தரமாக மூடப்பட்ட அணுமின் நிலையங்களைக் கண்காணிப்பதற்கென்று உலக நாடுகள் தனிச் சட்டங்களையும் தனி அமைப்புகளையும் வைத்திருக்கின்றன. மலேசியாவில் அணுமின் நிலையம் எதுவும் கட்டப்பட்டதில்லை. எனினும், மூடப்பட்ட கதிரியக்க ஆலையை யார் பொறுப்பேற்பது என்ற கேள்வியின் கசப்பான பாடத்தை, பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா என்னும் சிற்றூரில் இந்த நாடு கற்றிருக்கிறது. அந்தப் பாடத்தை உலக அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: மூடிய ஆலையைக் காக்கும் ஏற்பாடு, ஆலை திறக்கப்படும் முன்பே பிறந்திருக்க வேண்டும். கண்காணிப்பு ஆலைக்கு மூத்ததாக இருக்கும் இடத்தில் மூடுதல் ஒழுங்காக நடக்கிறது. அது ஆலைக்கு இளையதாகப் பிறக்கும் இடத்தில், சுற்றி வாழும் மக்களே காவலர்களாகவும் வழக்காடிகளாகவும் மாற நேர்கிறது.

நின்ற உலைக்குள் நிற்காதது

அணு உலையில் யுரேனியத்தின் அணுக்கரு பிளக்கப்படும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுற்ற, மின்சாரம் கிடைக்கிறது. உலையை நிறுத்துவதென்பது இந்தப் பிளவுத் தொடரை நிறுத்துவதே. ஆனால் பிளவின்போது உண்டான புதிய தனிமங்கள் தாமாகவே சிதைந்துகொண்டிருப்பதால், அவற்றிலிருந்து எழும் 'சிதைவு வெப்பம்' உடனே அடங்குவதில்லை. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் ஒரு பெரிய உலையில், நிறுத்திய கணத்தில் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம் தொடர்ந்து எழுகிறது. ஒரு நாளில் அது முழு ஆற்றலின் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினாலும், குளிர்நீர் நின்றுபோனால் எரிபொருளை உருக்கிவிட அதுவே போதும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புக்குஷிமா டாயிச்சி நிலையத்தில் நிலநடுக்கம் தாக்கியவுடன் உலைகள் தாமாக நின்றுவிட்டன. அதன்பின் வந்த ஆழிப்பேரலையால் குளிரூட்டும் ஏற்பாடு செயலிழந்ததால்தான், நின்றுவிட்ட மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது.

இதனால், நிரந்தரமாக மூடப்படும் நிலையத்தில் முதல் வேலை, பயன்படுத்திய எரிபொருளை உலையிலிருந்து எடுத்து ஆழமான நீர்த்தொட்டியில் வைப்பதாகும். அங்கே சில ஆண்டுகள் குளிர்ந்த பிறகு, எஃகுக் கலங்களில் அடைத்து, கற்காரைக் கூட்டுக்குள் வைத்துக் காற்றினால் ஆறவிடுகிறார்கள். இதற்கு உலர் சேமிப்பு என்று பெயர். எரிபொருள் போன பிறகும், பல ஆண்டுகள் கதிர்ப்பட்ட உலைக்கலமும் குழாய்களும் கற்காரைச் சுவர்களும் தாமே கதிரியக்கம் உடையவையாக மாறியிருக்கும். அவற்றில் உள்ள கோபால்ட்-60 என்னும் பொருளின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 5 ஆண்டுகள் 3 மாதங்கள். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள் ஆகின்றன. புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டுகளுக்கும் மேலாகிறது.

உரிமம் முடியாத வரை பொறுப்பும் முடியாது

அணு ஆலையைக் கலைத்து, அந்த நிலத்தைப் பிறருடைய பயன்பாட்டுக்குப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வரையிலான பணிகள் அனைத்தும் சேர்ந்து 'செயல்நீக்கம்' எனப்படுகின்றன. இதில் உலகெங்கும் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது, மூடிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பிரித்து அகற்றுவது. இதில் ஆலையை அறிந்த ஊழியர்கள் இன்னும் பணியில் இருப்பது பெரும் நன்மை. இரண்டாவது, ஆலையைப் பூட்டிக் காவலில் வைத்து, கோபால்ட் போன்றவற்றின் வீரியம் தணிந்த பின் பிரிப்பது. இதில் வேலையாட்களுக்குக் கதிர்ப்படும் அளவு குறையும், ஆனால் பொறுப்பு அடுத்த தலைமுறையின் தோளில் ஏறும். மூன்றாவது, கற்காரைக்குள் நிரந்தரமாகப் புதைப்பது. விபத்துக்குள்ளான ஆலை போன்ற அரிதான நிலைமைகளுக்கு மட்டுமே இது ஏற்றது என்று சர்வதேச அணுசக்தி முகமை கருதுகிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒழுங்குமுறை அமைப்பின் கையில் இருக்கும் முதன்மையான கருவி உரிமம். ஆலையை இயக்க அளிக்கப்பட்ட உரிமம், ஆலை நின்றவுடன் காலாவதியாவதில்லை. இயக்கும் அதிகாரம் மட்டும் அதிலிருந்து நீக்கப்பட்டு, காக்கும் கடமை அப்படியே தொடர்கிறது. அமெரிக்காவில், நிலையம் மூடப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் உரிமையாளர் செயல்நீக்கத் திட்டத்தையும் அதற்காகும் செலவின் மதிப்பீட்டையும் அணு ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூடிய நாளிலிருந்து 60 ஆண்டுகளுக்குள் பணி முழுவதும் முடிய வேண்டும். இறுதியில், அந்த நிலத்தில் வாழக்கூடிய ஒருவருக்கு ஆலையின் எச்சத்தால் ஆண்டுக்கு 0.25 மில்லி சீவெர்ட்டுக்கு மேல் கதிர்ப்படாது என்று அளந்து காட்டிய பிறகே உரிமம் நீக்கப்படும். சீவெர்ட் என்பது மனித உடலில் கதிர்வீச்சு விளைவிக்கும் பாதிப்பை அளக்கும் அலகு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே உலக மக்கள் பெறும் சராசரி அளவு ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லி சீவெர்ட் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வரம்பின் கண்டிப்பு விளங்கும்.

இவ்வளவு கண்டிப்புக்குப் பிறகும் சில இடங்களில் முடிவு எட்டப்படுவதில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1972இல் மின்சாரம் தரத் தொடங்கிய மேய்ன் யாங்கி நிலையம் 1997இல் மூடப்பட்டு, 2005இல் முழுமையாகப் பிரித்து அகற்றப்பட்டது. பயன்படுத்திய எரிபொருளைப் புதைக்க நாட்டளவில் நிரந்தர இடம் இன்னும் அமையாததால், அதை அடைத்த 60 கலங்கள் அங்கேயே நிற்கின்றன; மின்சாரம் தராத நிலத்துக்கு ஆயுதக் காவலும் ஆய்வும் இன்றும் தொடர்கின்றன.

ஒரு கலம் தொங்கிய வேளை

மூடிய நிலையத்தில் எரிபொருள் ஆறிய பிறகு, அங்கேயே தங்கிப் பணியாற்றிய ஆய்வாளர்கள் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். சுற்றுவட்டார மக்களை வெளியேற்றுவதற்கான அவசரகாலத் திட்டங்களும் சுருக்கப்படுகின்றன. ஆபத்தின் அளவு குறையும்போது காவலின் அளவும் குறைவது நியாயமே. எனினும், அந்தக் குறைப்பை எந்த அளவில் நிறுத்துவது என்பதே இத்துறையின் ஓயாத விவாதம்.

கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள சான் ஓனோஃப்ரே நிலையம் 2013 ஜூனில் நிரந்தரமாக மூடப்பட்டது. அங்கே 2018 ஆகஸ்ட் 3 அன்று, பயன்படுத்திய எரிபொருளை அடைத்த சுமார் 50 டன் எடையுள்ள ஓர் எஃகுக் கலத்தை நிலவறைக்குள் பாரந்தூக்கியால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கலம் வழியில் இருந்த ஒரு வளையத்தின் விளிம்பில் அமர்ந்துவிட்டது. அது அடியைத் தொட்டுவிட்டதாக எண்ணிய ஊழியர்கள் பட்டைகளை மேலும் தளர்த்தினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம், எந்தப் பிடியும் இல்லாமல், கீழ்த்தளத்திலிருந்து 18 அடி உயரத்தில் அந்த விளிம்பை மட்டுமே நம்பி அது நின்றது. பின்னர் பாதுகாப்பாக இறக்கப்பட்டது; எவருக்கும் காயமில்லை, கதிர்வீச்சுக் கசிவும் இல்லை. நடந்ததை ஆராய்ந்த அணு ஒழுங்குமுறை ஆணையம், பாரம் தாங்கும் ஏற்பாடு முறையாக இல்லாததையும் நிகழ்ச்சி உரிய நேரத்தில் அறிவிக்கப்படாததையும் கண்டு, நிறுவனத்துக்கு 1,16,000 டாலர் தண்டம் விதித்தது. எரிபொருளை மாற்றும் பணி பல மாதங்கள் நின்றிருந்தது. நிரந்தரமாக மூடி ஐந்து ஆண்டுகளான நிலையத்தில் இது நிகழ்ந்தது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

புக்கிட் மேரா: காவல் இளையதாகப் பிறந்த இடம்

வெள்ளீயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கனமான கருமணலை மலாய் மொழியில் அமாங் என்பார்கள். அந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது; கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பதும் இதே கனிமமே. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்கள் எனப்படும், மின்னணுக் கருவிகளுக்கும் காந்தங்களுக்கும் இன்றியமையாத பொருள்கள் கிடைக்கின்றன. ஆனால் மோனசைட்டுக்குள் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமமும் இருப்பதால், பயனுள்ளதை எடுத்த பின் தோரியம் செறிந்த கழிவு மிஞ்சுகிறது. தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டுகள். அது இந்தப் பூமியின் வயதைப்போல மூன்று மடங்கு. இவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் வீரியம் குறைவுதான் என்றாலும், அதிலிருந்து பிறக்கும் ரேடியமும் தோரான் என்னும் வாயுவும் மூச்சிலோ உணவிலோ உடலுக்குள் போனால் தீங்கு விளைவிக்கின்றன.

இந்த மோனசைட்டைப் பதப்படுத்த, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தின் முக்கியப் பங்குடன் 1979இல் அமைக்கப்பட்ட ஏசியன் ரேர் எர்த் நிறுவனம், ஈப்போவுக்கு அருகில் லஹாட்டை ஒட்டிய புக்கிட் மேராவில் 1982இல் தன் ஆலையைத் தொடங்கியது. அப்போது நாட்டில் 1968ஆம் ஆண்டின் கதிரியக்கப் பொருள்கள் சட்டம் இருந்தது. ஆயினும் இத்தகைய ஆலைக்கு இடம் தேர்வதிலிருந்து கழிவை அடக்குவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் தனி உரிமத்துக்குள் கொண்டுவரும் முழுமையான சட்டம் இல்லை. அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது 304ஆம் சட்டம், 1984இல்தான் நிறைவேறியது. அணுசக்தி உரிம வாரியம் 1985 பிப்ரவரியில்தான் அமைந்தது. ஆலை இயங்கி, கழிவு குவிந்து, அதை எங்கே வைப்பது என்று தேடும் வேளையில் காவலர் வந்து சேர்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

கழிவைப் புதைக்க முதலில் எண்ணப்பட்ட இடம் பாரிட் என்னும் ஊர். அங்கே எதிர்ப்பு எழுந்ததும் புக்கிட் மேராவுக்கு அருகிலுள்ள பழைய வெள்ளீயச் சுரங்க ஊரான பாப்பானில் குழிகள் தோண்டப்பட்டன. 1984இல் பாப்பான் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தபோது, அந்த இடமும் கைவிடப்பட்டு, கிளேடாங் மலைத்தொடரில் உள்ள முக்கிம் பெலாஞ்சா தேர்ந்தெடுக்கப்பட்டது. வாரியம் பிறந்த அதே 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் சார்பில் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987இல் வாரியம் ஆலைக்கு உரிமம் வழங்கி மீண்டும் இயங்க வழிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கை என்னும் கூட்டுக் கைதில் பிடிபட்டவர்களுள் இந்த எதிர்ப்பியக்கத்தின் முன்னணியினரும் இருந்தார்கள்.

ஆலையின் அருகே வளர்ந்த பிள்ளைகளிடம் கண்ட இரத்தப் புற்றுநோயையும் பிறவிக் குறைபாடுகளையும் மக்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். அவற்றுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின், மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, 14 நாள்களுக்குள் ஆலையை நிறுத்த ஆணையிட்டார். 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஆலைத் தரப்பு வல்லுநர்களின் சான்றுகளை ஏற்றுக்கொண்டதோடு, உரிமத்தை நீக்கும் அதிகாரம் வாரியத்திடம் இருப்பதால் மக்கள் முறையிட வேண்டிய இடம் அதுவே என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் கண்ணோட்டத்தில் அது முறையான கூற்றாக இருக்கலாம். ஆனால் வழக்குத் தொடங்கிய மாதத்தில்தான் பிறந்த வாரியத்திடம், அதற்கு முன்பே குவிந்துவிட்ட கழிவைப் பற்றி முறையிடச் சொல்லும்போது, தாமதமாகப் பிறந்த காவலின் சுமை யார் மேல் இறங்குகிறது என்பது விளங்கிவிடுகிறது.

வழக்கில் வென்ற நிறுவனம், 1994 ஜனவரியில் தானே ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதன் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே, 2003 வாக்கில், செயல்நீக்கப் பணி முறையாகத் தொடங்கியது. 2011இல் வெளிவந்த செய்திகளின்படி, அதற்காகும் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். பழைய ஆலையின் ஒவ்வொரு சுவடும், அதன் அடியில் பாறை தட்டும் வரை, சில இடங்களில் 25 அடி ஆழம் வரை மாசுபட்டிருந்த மண்ணும் தோண்டி எடுக்கப்பட்டு, 11,000 லாரிச் சுமைகளாக மலைக்கு ஏற்றப்பட்டன. 80,000க்கும் மேற்பட்ட பீப்பாய்களில் இருந்த தோரியக் கழிவைச் சிமெண்டோடும் ஜிப்சத்தோடும் கலந்து இறுக வைத்து, கிளேடாங் மலையில் கட்டப்பட்ட நிலவறைக்குள் அடக்கும் பணி திட்டமிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே பெயரளவில் உயிரோடிருந்த, அதிலும் பல மாதங்கள் தடையில் கழித்த ஓர் ஆலைக்கு இத்தனை பெரிய பின்வேலை தேவைப்பட்டது.

பணம் எங்கே இருக்கிறது

ஆலை இயங்கும் காலத்தில் வருமானம் உண்டு, மூடிய பிறகு செலவு மட்டுமே உண்டு. ஆகவே கலைக்கும் செலவை இயங்கும் காலத்திலேயே சேர்த்து, நிறுவனத்தின் அன்றாடச் செலவுக்கு எட்டாத தனி நிதியில் வைக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை நெறி. இந்த எண்ணம் மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. ஐம்பதுகளின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் லயன் வீட்டையும் ஒருசேர இழந்து நின்றபோது, அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறு தொகையாகக் கட்டிய பங்குப் பணத்தைத் திரட்டி அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சிடிம். தோட்டம் விற்கப்பட்ட பிறகு பணம் தேடுவது பயன் தராது என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள்.

இந்தியாவில் அணுமின் விலையில் அலகுக்கு 2 காசு வீதம் செயல்நீக்கக் கட்டணம் சேர்க்கப்படுகிறது. ஆயினும், இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பணிகளை ஆராய்ந்து 2012இல் அறிக்கை அளித்த தலைமைக் கணக்குத் தணிக்கையர், வாரியம் செயல்நீக்கக் கையேட்டை வெளியிட்டு 13 ஆண்டுகள் ஆன பின்னும், முப்பது ஆண்டு இயங்கியவையும் நிறுத்தப்பட்டவையும் உட்பட எந்த நிலையத்துக்கும் செயல்நீக்கத் திட்டம் இல்லை என்று சுட்டிக்காட்டினார். ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் உலை 2004 முதல் மின்சாரம் தரவில்லை. கல்பாக்கத்தின் முதல் உலை 1984இலேயே வணிக அளவில் இயங்கத் தொடங்கியதை நினைக்கும்போது, அந்தத் தணிக்கைக் குறிப்பு தமிழ்நாட்டு மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது புரியும். பிரிட்டனில் முன்னோடி நிலையங்கள் கட்டப்பட்டபோது அவற்றைக் கலைப்பதற்கென்று போதிய பணம் ஒதுக்கப்படாததால், 1956இல் திறந்து 2003இல் மூடிய கால்டர் ஹால் போன்றவற்றின் சுமை, 2005இல் அமைக்கப்பட்ட அணுச் செயல்நீக்க ஆணையத்தின் வழியாகப் பெரும்பாலும் வரி செலுத்துவோர் மேல் விழுந்திருக்கிறது.

புக்கிட் மேராவின் நினைவு மலேசியாவில் வீண்போகவில்லை. குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் 2012இல் லைனாஸ் நிறுவனத்தின் அரிய மண் ஆலைக்கு உரிமம் அளித்தபோது, அணுசக்தி உரிம வாரியம் 5 கோடி அமெரிக்க டாலர் வைப்புத்தொகையைத் தவணைகளில் செலுத்தக் கோரியது. கழிவுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்பதும் உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. அந்த ஆலையைச் சுற்றிய கருத்து வேறுபாடுகள் ஓயவில்லை. ஆனாலும் திறக்கும் வேளையிலேயே மூடுதலைப் பற்றிக் கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் இந்த நாட்டில் வேரூன்றியது முன்னேற்றமே.

பதிவு இல்லாத இடத்தில் நினைவும் இல்லை

உரிமமும் பணமும் இருந்தாலும், எது எங்கே எந்த அளவில் அடக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவு தொலைந்துவிட்டால் கண்காணிப்பு குருடாகிவிடுகிறது. தோட்டங்கள் கைமாறியபோது வேலையாட்களின் வருகையைக் குறித்த செக்ரோல் புத்தகங்களும் பிறப்புப் பதிவுகளும் சிதறிப்போனதால், தங்கள் பிறப்பையும் உழைப்பையும் காகிதத்தில் காட்ட இயலாமல் பல குடும்பங்கள் அடையாள அட்டைக்காகப் பல ஆண்டுகள் அலைந்ததைத் தோட்டத் தமிழர் நன்கு அறிவர். பெயர்களைத் தொலைத்ததன் விளைவே இவ்வளவு கொடியதென்றால், கதிரியக்கக் கழிவின் வரைபடத்தைத் தொலைப்பதன் விளைவு அதை அறியாமல் அதன்மேல் வீடு கட்டும் தலைமுறையைச் சேரும்.

உரிமையாளர் மாறும்போது இந்த ஆபத்து கூடுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் யாங்கி நிலையம் 2014இன் இறுதியில் மூடப்பட்டு, 2019இல், கலைக்கும் தொழிலையே நோக்கமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்துக்கு உரிமத்தோடும் நிதியோடும் கைமாற்றப்பட்டது. இத்தகைய கைமாற்றத்தில், வாங்குபவருக்குப் பணமும் திறனும் உண்டா என்று ஒழுங்குமுறை அமைப்பு ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டியிருப்பதால், பொறுப்பு நடுவழியில் அநாதையாக விடப்படுவதில்லை. புக்கிட் மேராவில் ஆலை மூடியதற்கும் செயல்நீக்கம் தொடங்கியதற்கும் இடையில் கழிந்த ஆண்டுகளில் மக்கள் கேட்டதும் இதைத்தான்: இப்போது இதற்குப் பொறுப்பானவர் யார்?

ஆறு கலக்கும் இடத்திலிருந்து

இந்தக் கேள்வி புக்கிட் மேராவோடு நின்றுவிடவில்லை. பாலிங்கிற்கு அப்பால் கிளியான் இந்தானில் இன்றும் வெள்ளீயம் எடுக்கப்படுகிறது. கெடாவின் சிக் வட்டாரத்தில் அனுமதியின்றி அரிய மண் தோண்டப்பட்டதாக 2023இல் எழுந்த புகார்கள் நாடு முழுதும் பேசப்பட்டன. சிக் வழியாக இறங்கிவரும் மூடா ஆற்றோடு கெத்தில் ஆறு கலக்கும் இடமே கோலா கெத்தில். அந்த நீர் கெடாவின் வயல்களுக்கும், பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதிக்கும் ஆதாரம். சிக்கில் தோண்டப்பட்டதாகக் கூறப்படுவது புக்கிட் மேராவில் கையாளப்பட்ட மோனசைட்டைப் போலத் தோரியம் செறிந்ததன்று, களிமண்ணில் ஒட்டிய தனிமங்களை உப்புக் கரைசலால் கழுவி எடுக்கும் வேறு முறை அது என்றாலும், தோண்டியவர் போன பிறகு மலைச்சரிவுக்கும் ஆற்றுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியில் மாற்றமில்லை.

நாட்டளவிலும் காலம் மாறிவருகிறது. பாங்கியில் 1982 முதல் இயங்கும் புஸ்பாத்தி திரிகா என்னும் 1 மெகாவாட் ஆராய்ச்சி உலையே மலேசியாவின் ஒரே அணு உலை. என்றோ ஒரு நாள் அதையும் மூடிக் கலைக்க வேண்டியிருக்கும். 2025 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், அணுசக்தியை வருங்கால மின்சார வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறது. அந்த வழி நல்லதா அன்றா என்ற விவாதம் நடக்க வேண்டியதே. எந்த முடிவுக்கு நாடு வந்தாலும், அதைச் சுற்றி வாழப்போகும் மக்கள் அடிக்கல் நாட்டப்படும் முன்பே மூன்று விடைகளை எழுத்தில் கேட்டுப் பெற உரிமை உடையவர்கள். மூடும் நாளில் உரிமம் யார் பெயரில் இருக்கும், கலைக்கும் பணம் எந்தக் கணக்கில் யார் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கும், கழிவின் வரைபடம் எந்த அலுவலகத்தில் எத்தனை படிகளாகக் காக்கப்படும் என்பவையே அவை.

1982இல் புக்கிட் மேராவில் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருந்திருந்தால், கிராமத்தார் எட்டுப் பேர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்காது. ஆலை மூடிய பின்னும் அவர்களுடைய பிள்ளைகள் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. தோண்டி எடுத்த மண்ணை ஏற்றிக்கொண்டு கிளேடாங் மலைப்பாதையில் ஏறிய ஒவ்வொரு லாரியும், திறப்பு விழாவுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைக் காலங்கடந்து சுமந்து சென்றது.